அருவி மேல் ஒரு வீடு: அழகும் கணக்கும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகருக்குத் தென்கிழக்கே, மலைக்காடு ஒன்றின் ஊடே பேர் ரன் என்னும் ஓடை பாய்கிறது. அவ்வோடை பாறைத் தட்டுகளிலிருந்து குதிக்கும் இடத்தில், அருவிக்கு நேர் மேலே, ஒரு வீடு நிற்கிறது. 'ஃபாலிங்வாட்டர்' என்பது அதன் பெயர். வீழும் நீர் என்று பொருள். இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக் கலையைப் பற்றிய நூல்களில் இவ்வீட்டின் படம் இல்லாத நூல் அரிது. இதனை வடிவமைத்தவர் ஃபிராங்க் லாயிட் ரைட். அவருடைய வேறு ஏழு கட்டடங்களுடன் சேர்த்து இவ்வீட்டையும் 2019-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

2022-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், பிட்ஸ்பர்க்கில் வாழும் என் அக்காள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது இவ்வீட்டைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. உடன் வந்தவள் அக்காள் மகள். அவள் கட்டடக் கலை பயிலும் மாணவி. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். அவளுக்கு அந்த வீடு ஒரு கோயில். எனக்கோ அது, ஒரு முனை மட்டும் பற்றப்பட்ட சட்டம்! எங்கள் இருவருக்கும் இடையே அன்று நடந்த வழக்கையும், முடிவில் நான் கண்ட தீர்ப்பையும் வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ட காட்சி

பிட்ஸ்பர்க்கில் பெரிய பல்பொருள் அங்காடி ஒன்றை நடத்திவந்த எட்கர் காஃப்மன் என்ற செல்வர், வார இறுதியில் குடும்பத்துடன் தங்குவதற்காக இவ்வீட்டை விரும்பினார். அருவியைப் பார்த்தவாறு, எதிரே எங்கேனும் வீடு அமையும் என்றே அவர் எண்ணியிருந்தார். ரைட் 1935-இல் வரைந்து காட்டிய படத்திலோ வீடு அருவியின் தலைமீதே அமர்ந்திருந்தது. அப்போது ரைட்டுக்கு வயது 68. அவர் காலம் முடிந்துவிட்டது என்று பலர் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. 1937-இல் வீடு எழுந்தது. மறு ஆண்டே அவர் படமும் வீட்டின் படமும் டைம் இதழின் அட்டையை அலங்கரித்தன.

காட்டுவழியே நடந்து செல்லும்போது வீடு முதலில் கண்ணுக்குப் படுவதில்லை. நீரின் ஓசைதான் காதில் விழுகிறது. வாயில் சிறியது. உள்ளே கூரை மிகவும் தாழ்வானது. சில இடங்களில் கையைத் தூக்கினால் தொட்டுவிடலாம். அந்தத் தாழ்ந்த நடையிலிருந்து கூடத்துக்குள் நுழைந்தால் மூன்று பக்கமும் கண்ணாடி. அதற்கு அப்பால் மரங்கள். அடுப்பங்கணப்பின் முன்னே, அந்த இடத்தில் இயற்கையாகவே இருந்த பெரும்பாறை ஒன்று தரையைத் துளைத்துக்கொண்டு தலை நீட்டுகிறது. சுற்றிலும் உள்ள தரைக் கற்களுக்கு மெழுகு பூசி மினுமினுக்கச் செய்திருக்கிறார்கள். பாறைக்கு மட்டும் பூசவில்லை. ஆகவே நீருக்கு மேலே தெரியும் பாறைபோல் அது காட்சி தருகிறது. கூடத்தின் நடுவிலிருந்தே ஓடைக்கு இறங்கப் படிக்கட்டு ஒன்று உண்டு. மூலைச் சன்னல்களைத் திறந்தால் மூலையே மறைந்துவிடுகிறது. அங்கே நிலைச்சட்டம் இல்லை. வேறு சில இடங்களில் கண்ணாடி நேராகக் கற்சுவருக்குள் செருகப்பட்டுள்ளது.

வீட்டின் உட்பகுதி 2,885 சதுர அடி; வெளியே நீண்டுள்ள திறந்த தளங்கள் 2,445 சதுர அடி. வீட்டில் ஏறக்குறையப் பாதி, கூரையில்லாத வெளி!

“பார்த்தீர்களா மாமா! எது உள்ளே, எது வெளியே என்று கோடு போட முடியுமா?” என்றாள் அக்காள் மகள்.

“போடலாம் அம்மா. தளத்தைத் தூண் எங்கே பிடித்திருக்கிறதோ, அங்கே போடலாம்” என்றேன்.

எங்கள் வழக்கு இவ்வாறுதான் தொடங்கிற்று.

ஒருபுறம் மட்டும் பிடித்த உத்தரம்

இரண்டு சுவர்கள்மேல் அமர்ந்த உத்தரம் ஒன்றின் நடுவில் பாரம் ஏற்றினால், அது கீழ்நோக்கி வளைகிறது. அதன் அடிப்பகுதி இழுபடுகிறது, மேற்பகுதி அமுக்கப்படுகிறது. ஒரு முனையை மட்டும் இறுகப் பிடித்து மறு முனையை அந்தரத்தில் விட்டால் நிலைமை தலைகீழாகிறது. மேற்பகுதி இழுபடுகிறது, கீழ்ப்பகுதி அமுக்கப்படுகிறது. இத்தகைய உத்தரத்தைக் கான்டிலீவர் என்பர். நம் சன்னலுக்கு மேலே மழையைத் தடுக்கும் சன்ஷேடும், மாடி முகப்பில் துருத்தி நிற்கும் பால்கனியும் கான்டிலீவர்களே.

கான்கிரீட் அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுவிசையை அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அளவே தாங்கும். ஆகவே இழுபடும் பக்கத்தில் எஃகுக் கம்பி வேண்டும். கான்டிலீவரில் அந்தப் பக்கம் மேற்பக்கம். நான் சிறு வீடு ஒன்று கட்டியபோது, சன்ஷேடுக்குக் கம்பியை அடியில் பரப்பியிருந்தார் கொத்தனார். கான்கிரீட் கொட்டுமுன் தற்செயலாகப் பார்த்து மாற்றச் சொன்னேன். “இருபது வருஷமாக இப்படித்தான் போடுகிறோம் சார், ஒன்றும் விழவில்லை” என்றார். விழாதவரை எந்தக் கணக்கும் சரியாகத்தான் தோன்றும்.

இனி ஒரு சிறு சோதனை. மீட்டர் அளவுகோல் ஒன்றை மேசையின் விளிம்பில் வைத்து, பாதியை வெளியே நீட்டி, மறு பாதியைக் கையால் அழுத்திப் பிடியுங்கள். வெளி முனையில் சிறு எடை ஒன்றை வைத்துத் தொய்வை அளந்து கொள்ளுங்கள். பின்னர் வெளியே நீளும் பகுதியைப் பாதியாகக் குறைத்து, அதே எடையை வையுங்கள். தொய்வு பாதியாகக் குறையும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். எட்டில் ஒரு பங்காகக் குறையும். முனையில் வைத்த எடையால் உண்டாகும் தொய்வு, நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. கல்லூரி ஆய்வகத்தில் யங் குணகம் காணும் சோதனையில் இதனைத்தான் பயன்படுத்துகிறோம். உத்தரம் தன் எடையாலேயே தொய்யும்போது விதி இன்னும் கடுமையானது: தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது. 3 அடி நீண்ட பால்கனியை, அதன் கனத்தை மாற்றாமல், 15 அடியாக நீட்டினால் தொய்வு 5 மடங்கு ஆகாது, 625 மடங்காகும்!

ஃபாலிங்வாட்டரின் கூடத் தளம், தன்னைத் தாங்கும் தூண்சுவர்களுக்கு அப்பால் சுமார் 15 அடி ஓடைமேல் நீண்டு நிற்கிறது. ரைட் இதில் ஒரு நல்ல உத்தியைக் கையாண்டார். வழக்கமாகத் தளப்பலகை மேலேயும், உத்தரங்கள் அதன் அடியில் விலா எலும்புகள் போலவும் இருக்கும். இவர் அதனைக் கவிழ்த்தார். பலகையை அடியில் அமைத்து, உத்தரங்களை அதன்மேல் எழுப்பி, அவற்றுக்கு மேலே தரையை இட்டார். கான்டிலீவரில் அமுக்கம் கீழே நிகழ்வதால், அகன்ற கான்கிரீட் பலகை இருக்க வேண்டிய இடம் அடிப்பக்கமே. அது மட்டுமன்று, ஓடையிலிருந்து அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு விலா எலும்புகள் தெரியாமல், வழுவழுப்பான ஒரு தட்டே தெரிகிறது. அழகும் இயற்பியலும் இங்கே ஒரே விடையைத் தருகின்றன. இதனை நான் சொன்னபோது அக்காள் மகள் முகத்தில் வெற்றிப் புன்னகை தோன்றியது. ஆனால் கதை இன்னும் முடியவில்லை.

எட்டுக் கம்பியா, பதினாறு கம்பியா?

கட்டுமான வேலை நடக்கும்போதே காஃப்மனுக்கு ஐயம் எழுந்தது. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த மெட்ஸ்கர்–ரிச்சர்ட்சன் என்னும் பொறியியல் நிறுவனம் வரைபடங்களைச் சரிபார்த்தது. முதன்மை உத்தரம் ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலச் சதுரக் கம்பிகள் எட்டு என்பது ரைட்டின் கணக்கு. போதாது என்று கண்ட பொறியாளர்கள், ரைட்டின் ஒப்புதல் இல்லாமலே பதினாறு கம்பிகளை வைத்துவிட்டனர். செய்தி அறிந்த ரைட் சினந்து, தம் உதவியாளரைத் திருப்பி அழைத்துக்கொண்டார். பின்னர் ஒருவாறு சமாதானம் ஏற்பட்டு வேலை தொடர்ந்தது.

கான்கிரீட் இறுகியபின் முட்டுகளை எடுத்தபோது தளம் 1.75 அங்குலம் தொய்ந்தது. பின்னர்த் தொய்வு ஏற்படும் என்பதால், கான்கிரீட் கொட்டும் பலகையடைப்பைச் சற்றே மேல்நோக்கி உயர்த்தி அமைப்பது வழக்கம். இங்கே அதுவும் செய்யப்படவில்லை. மேல்தளக் கைப்பிடிச் சுவரில் விரிசல்கள் தோன்றின.

கூடுதல் கம்பிகளின் எடைதான் தொய்வுக்குக் காரணம் என்று ரைட்டின் தரப்பில் ஒரு வாதம் உண்டு. இதனை நாமே சோதிக்கலாம். ஓர் அங்குலச் சதுரக் கம்பி, அடிக்கு 3.4 பவுண்டு எடையுள்ளது. 15 அடி நீளமுள்ள எட்டுக் கம்பிகளின் எடை 408 பவுண்டு. ஒரு கன அடி கான்கிரீட்டின் எடை சுமார் 150 பவுண்டு. ஆகவே ஓர் உத்தரத்தில் சேர்த்த எஃகின் எடை, 3 கன அடி கான்கிரீட்டின் எடைக்கும் குறைவு. டன் கணக்கில் கல்லும் கான்கிரீட்டும் சுமக்கும் உத்தரத்துக்கு இது ஒரு பொருட்டாகுமா? கம்பிகள் நெருங்கினால் அவற்றின் இடையே கான்கிரீட் நன்கு புகாது என்ற மற்றொரு வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் எட்டுக் கம்பிகளோடு விட்டிருந்தால் தளம் நின்றிருக்காது என்பதே பிற்கால ஆய்வின் முடிவு.

அறுபது ஆண்டுத் தொய்வு

முட்டுகளை எடுத்ததோடு தொய்வு நிற்கவில்லை. இடைவிடாத பாரத்தின்கீழ் கான்கிரீட், கண்ணுக்குத் தெரியாமல், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல உருமாறும் இயல்புடையது. காஃப்மன் 1955-இல் மறையும்வரை தம் வீட்டின் தொய்வை அவ்வப்போது அளக்கச் செய்து குறித்துவந்தார். அளவீட்டின் அருமை அறிந்த அந்த வணிகரை இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் வணங்குகிறேன். அவருடைய மகன் 1963-இல் இவ்வீட்டை மேற்குப் பென்சில்வேனியா இயற்கைப் பாதுகாப்புக் கழகத்திடம் ஒப்படைத்தார். மறு ஆண்டிலிருந்து பொதுமக்கள் பார்வையிட்டு வருகின்றனர்.

1990-களில் மாணவர் ஒருவர் தம் பட்டப்படிப்பு ஆய்வுக்காக இத்தளத்தைக் கணக்கிட்டுப் பார்த்து, உள்ளே இருக்கும் எஃகு போதாது என்று கண்டார். பின்னர் ராபர்ட் சில்மன் என்ற பொறியாளரின் குழு, ரேடார் அலைகளைச் செலுத்திக் கான்கிரீட்டுக்குள் கம்பிகள் இருக்கும் இடத்தை ஆராய்ந்தது. விரிசல்களில் கருவிகளைப் பொருத்தி அசைவை அளந்தது. தளத்தின் விளிம்பு சில இடங்களில் 7 அங்குலம் வரை இறங்கியிருந்தது. 15 அடி நீட்சிக்கு ஓர் அங்குல அளவோடு தொய்வு நிற்கவேண்டும் என்றே பொறியாளர்கள் விரும்புவர். அதைவிட அச்சமூட்டியது, தளம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது என்பதே. மற்றொன்றும் தெரியவந்தது. தானே தனித்து நீண்டு நிற்பதுபோல் தோன்றும் மேல்மாடித் தளம், உண்மையில் சன்னல்களுக்கு இடையே உள்ள மெல்லிய எஃகுக் கால்கள் வழியே தன் பாரத்தைக் கூடத் தளத்தின்மீது இறக்கி வந்தது. ஏற்கெனவே தளர்ந்தவன் தோளில் இன்னொருவன் ஏறியிருந்ததுபோல!

1997-இல் ஓடைக்குள் எஃகு முட்டுகளை நிறுத்தித் தளத்தைத் தாங்கினார்கள். 2002-இல் நிலையான மருத்துவம் நடந்தது. கூடத்தின் தரைக் கற்களை எண்ணிட்டுப் பெயர்த்தெடுத்து, உத்தரங்களின் பக்கவாட்டில் உறுதியான எஃகு வடங்களைப் பொருத்தி, அவற்றை முறுக்கேற இழுத்துக் கட்டினர். வரிசையாக நிற்கும் பத்துப் புத்தகங்களை இரு கைகளாலும் இறுக்கி அழுத்தினால், அவற்றை ஒரே பலகைபோல் தூக்க முடிகிறதன்றோ? அதே தத்துவம். வடங்களின் இழுப்பு கான்கிரீட்டை அமுக்கத்திலேயே வைத்திருக்கிறது. விரிய முயலும் மேற்பகுதி விரிய முடிவதில்லை. தொய்ந்த தளத்தை முழுதும் நிமிர்த்த எவரும் முயலவில்லை. முயன்றிருந்தால் அறுபது ஆண்டுகளாகச் சாய்வுக்குப் பழகிப்போன கண்ணாடியும் கல்லும் உடைந்திருக்கும். பிறகு கற்களை அவற்றின் பழைய இடத்திலேயே பதித்தனர். இன்று கூடத்தில் நிற்பவருக்கு வடங்கள் இருப்பதே தெரியாது.

நீரும் குளிரும்

தொய்வு மட்டுமன்று, ஒழுக்கும் இவ்வீட்டின் கூடப்பிறந்த நோய். மழை பெய்தால் ஏழு வாளி வைக்கவேண்டிய வீடு இது என்று காஃப்மன் கேலி செய்வாராம். ஓதம் கண்டு பூஞ்சை பிடித்ததால், வீழும் நீர் என்ற பெயரைத் திருப்பி 'எழும் பூஞ்சை' என்றும் அழைத்தாராம்.

காரணங்கள் எளியவை. திறந்த தளங்கள் தட்டையானவை. நீர் விரைந்து வடிவதில்லை. பென்சில்வேனியாவில் குளிர்காலம் கடுமையானது. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு பெருகும். விரிசலுக்குள் புகுந்த நீர், இரவில் உறைந்தும் பகலில் உருகியும், விரிசலை ஆப்பு வைத்துப் பிளப்பதுபோல் அகலமாக்கும். மேலும் வீட்டுக்குள் இருக்கும் கான்கிரீட் தளமே வெளியிலும் தொடர்கிறது. வெளியே நீண்ட பகுதி குளிர்காற்றில் வெப்பத்தை இழக்க, கடத்தலால் உள்ளே இருக்கும் பகுதியும் குளிர்கிறது. கதகதப்பான அறைக்காற்றின் ஈரம், குளிர்ந்த பரப்பில் பட்டு நீர்த்துளியாகப் படிகிறது. அடியில் அருவி இருக்க, ஈரத்துக்குக் குறைவேது?

வழக்கும் வாதமும்

ஓடையின் கீழ்ப்புறத்தில், வீடும் அருவியும் ஒருசேரத் தெரியும் இடம் ஒன்று உண்டு. உலகம் அறிந்த படம் அங்கிருந்து எடுக்கப்பட்டதே. அங்கே நின்றபடி என் குற்றச்சாட்டுகளை அடுக்கினேன்.

“தொய்வு பொறியியல் குற்றம் மாமா, கட்டடக் கலையின் குற்றம் அன்று” என்றாள் அவள்.

இதனை நான் ஏற்கவில்லை. வேறொரு வீட்டில் உத்தரம் சுவருக்குள் மறைந்திருக்கும். வீட்டின் அழகு வேறெங்கோ இருக்கும். இங்கே கான்டிலீவரே வீட்டின் உருவம். அதுவே புகழின் காரணம். தளம் காற்றில் நிற்கிறது என்ற வியப்புக்குப் புகழை ரைட்டுக்குக் கொடுத்துவிட்டு, அது நிற்காமல் இறங்கியதற்குப் பழியை வேறு ஒருவருக்குக் கொடுப்பது நீதியாகாது.

“துணிந்தவர்கள்தாம் தவறு செய்வார்கள். ஜான்சன் நிறுவனத்துக்கு அவர் அமைத்த தூண்களையும் நிற்காது என்றுதானே சொன்னார்கள்? நின்றனவே!” என்றாள்.

நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அது என் கட்சிக்கே சாட்சி. விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் கட்டிய அலுவலகத்துக்காகக் காளான் வடிவத் தூண்களை ரைட் வடிவமைத்தார். தூண் ஒவ்வொன்றும் 12 டன் தாங்கவேண்டும் என்றனர் அதிகாரிகள். 1937-இல் மாதிரித் தூண் ஒன்றை நிறுத்தி, எல்லார் முன்னிலையிலும் மணலும் இரும்பும் ஏற்றினர். 60 டன் ஏறியும் அது நின்றது. அங்கே ரைட் வென்றது துணிவினால் மட்டுமன்று, சோதனையினால். அருவிமேல் அமைத்த உத்தரத்துக்கு அத்தகைய சோதனை நடக்கவில்லை; கணக்கைச் சரிபார்த்தவர்மீது சினமே பாய்ந்தது.

சற்று நேரம் பேசாமல் இருந்தவள், “மாமா, நீங்கள் காலையிலிருந்து விரிசலைத்தான் பார்த்தீர்கள், வீட்டைப் பார்க்கவில்லை” என்றாள். உண்மையைச் சொன்னால், அந்தச் சொல் சுட்டது.

“அருவியைப் பார்க்க ஆசைப்பட்டவருக்கு அருவியே தெரியாத வீட்டைக் கட்டிக் கொடுத்தாரே, அது மட்டும் நியாயமா?” என்று சமாளித்தேன்.

“எதிரே கட்டியிருந்தால் ஒரு மாதத்தில் அது சுவரில் மாட்டிய காலண்டர் படம் ஆகியிருக்கும். இப்போது கண்ணை மூடினாலும் அருவி இருக்கிறது” என்றாள்.

மறுமொழி சொல்ல எனக்கு வாயெழவில்லை. ஏனெனில் கூடத்தில் நின்றபோது நானே அதனை உணர்ந்திருந்தேன். அருவியின் ஓசையில் எல்லா அதிர்வெண்களும் கலந்துள்ளன. எல்லா நிறங்களும் கலந்தால் வெண்மையாவதுபோல. அவ்வோசை மற்றச் சிற்றொலிகளை மூடிவிடுகிறது. அன்று இருபது பேர் எங்களுடன் இருந்தும், அந்தக் கூடத்தில் தனிமை இருந்தது. இதனைத் திட்டமிட்டு அடைந்தவரைக் கலைஞர் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

தீர்ப்பு

இவ்வீட்டைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம் ஒன்று உண்டு. அழகுக்கு ஒரு விலை உண்டு; தொய்வும் ஒழுக்கும் அந்த விலை என்பர். இதில் பாதி உண்மை, பாதி பொய்.

ஒழுக்கும் ஓதமும் விலைதான். அருவிமேல், தட்டைத் தளங்களோடு, உள்ளும் வெளியும் ஒன்றாக வீடு வேண்டுமென்றால் ஈரத்தோடு போராடித்தான் ஆகவேண்டும். விரும்புகிறவர் அந்த விலையைக் கொடுக்கட்டும். அது முறையான வாணிகமே.

தொய்வோ விலையன்று, பிழை. இதற்குச் சான்று 2002-இல் பொருத்திய வடங்களே. அவை வந்தபின் வீட்டின் தோற்றத்தில் எந்த மாறுதலும் இல்லை. அடித்தட்டு அதே வழுவழுப்புடன் இருக்கிறது; தளம் அதே 15 அடி நீண்டு நிற்கிறது. உத்தரத்துக்குள் மறையவேண்டிய எஃகைத் தொடக்கத்திலேயே போதிய அளவு வைத்திருந்தால், அழகு ஒரு சிறிதும் குறைந்திருக்காது. ஆகவே ரைட் அழகுக்காகக் கணக்கைத் துறந்தார் என்பது அவருக்குச் சூட்டும் பொய்யான மாலை. எதுவும் ஈடாகக் கிடைக்காமலே கணக்கைத் துறந்தார் என்பதே சரி.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இந்த இடத்தில் வீடே கட்டவேண்டாம் என்று தொடக்கத்தில் அறிவுரை கூறியவர்களும் உண்டு. அவர்கள் சொல் வென்றிருந்தால் பேர் ரன் ஓடை பெயரற்ற ஓடையாகவே ஓடிக்கொண்டிருக்கும். “முடியாது” என்பவரின் கணக்கும், “எனக்குத் தெரியும்” என்பவரின் துணிவும் தனித்தனியே அவ்வீட்டைக் காப்பாற்றியிருக்கமாட்டா. கட்டவேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டு, கம்பியை மட்டும் இரட்டிப்பாக்கிய பொறியாளர்களே அதனைக் காப்பாற்றினர். ஃபாலிங்வாட்டர் உலகின் சிறந்த வீடுகளுள் ஒன்று என்பதை நான் ஒப்புக்கொண்டேன். அதன் புகழில் அந்தப் பொறியாளர்களுக்கும் பங்கு உண்டு என்பதை அக்காள் மகள் ஒப்புக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அவள் தன் குறிப்பேட்டை நீட்டி, நீளத்தின் நான்காம் அடுக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். நான் அதனை எழுதிக் காட்டியபின், கூடத் தளத்தின் குறுக்குவெட்டை வரைந்து தரும்படி அவளைக் கேட்டேன். இனி எங்கேனும் அந்த வீட்டின் படத்தைக் காணும் மாணவர்கள், அருவியையும் அதன்மேல் மிதக்கும் தளத்தையும் கண்ணாரக் காணட்டும். அந்தத் தளத்துக்குள் மறைந்திருக்கும் பதினாறு கம்பிகளையும் மனக்கண்ணால் எண்ணிப் பார்க்கட்டும்.